வெல்லம் குறைத்த ஆடித் தேங்காய்
எட்டாம் வகுப்பு அறிவியல்: ஒரு வகுப்பறை அனுபவம்

ஆடி முதல் நாளுக்கு மறுநாள் எங்கள் பள்ளியில் பாடத்தைத் தொடங்குவது சற்றுக் கடினம். முந்தின நாள் மாலை சுட்ட தேங்காயைப் பற்றித்தான் பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள். யார் வீட்டுக் காய் வெடித்தது, யார் வீட்டுக் காய் கருகிப்போனது, யாருக்கு அழிஞ்சில் குச்சி கிடைக்கவில்லை என்று வகுப்பே கலகலவென்றிருக்கும். நான் குமாரபாளையத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் தறி ஓட்டும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

பிற மாவட்ட ஆசிரியர்களுக்காக இந்தப் பண்டிகையைப் பற்றிச் சில வரிகள். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி வட்டாரங்களில் ஆடி 1 அன்று தேங்காய் சுடுவது வழக்கம். முற்றிய தேங்காயின் நாரை நீக்கித் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ஒரு கண்ணைத் துளைத்து நீரை வடித்து, பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம், ஏலக்காய் ஆகியவற்றை உள்ளே நிரப்பி, வடித்த நீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றுவார்கள். சீவிய அழிஞ்சில் குச்சியைக் கண்ணில் செருகி, காய்க்கு மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய தீயில் சுட்டு, பிள்ளையாருக்குப் படைத்த பிறகு உடைத்து உண்பார்கள். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்ததாகவும், அதையொட்டியே இந்தப் பழக்கம் வந்ததாகவும் பெரியவர்கள் சொல்வார்கள்.

கடந்த ஆண்டு அந்த மறுநாளில் ஒரு மாணவி மட்டும் பேசாமல் இருந்தாள். ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவள். அவளுக்கு முதல் வகை நீரிழிவு. உணவுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். "நீ தேங்காய் சுட்டியா அம்மணி?" என்று கேட்டேன். "குச்சி புடிச்சேனுங்க டீச்சர். திங்கலீங்க" என்றாள். அருகிலிருந்த மாணவன், "அவ முட்டாய் நிறையத் தின்னுதான் டீச்சர் சக்கர வந்துருச்சு" என்றான்.

அந்த இரண்டு பதில்களிலிருந்தே இந்தப் பாடம் தொடங்கியது. உணவின் கூறுகள் பற்றிய பாடத்துக்கு ஆறு பாடவேளைகளை ஒதுக்கினேன். பாடம் பெருமளவு நன்றாகவே நடந்தது. ஆனால் இடையில் நான் ஒரு தவறு செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதே தவறை வேறு வகுப்பறைகளிலும் எளிதாகச் செய்துவிடலாம்.

கற்றல் விளைவுகள்

1. உணவில் ஸ்டார்ச், சர்க்கரை இருப்பதைச் சோதனை மூலம் கண்டறிதல்.
2. எடை, விழுக்காடு கொண்டு ஒரு தின்பண்டத்தின் கார்போஹைட்ரேட் அளவைக் கணக்கிடுதல்.
3. 'சர்க்கரை இல்லாதது', 'கார்போஹைட்ரேட் குறைந்தது', 'கலோரி குறைந்தது' ஆகிய மூன்றும் ஒன்றல்ல என உணர்தல்.
4. நீரிழிவு உள்ள வகுப்புத் தோழருக்கு உதவத் தெரிந்திருத்தல்.

முதல் செயல்பாடு: சோதனை சொல்வதும் சொல்லாததும்

தேங்காய்க்குள் நிரப்பும் பொருள்களை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொன்றையும் பொடித்து, நீரில் கரைத்து, நீர்த்த அயோடின் கரைசலைச் சில சொட்டுகள் விட்டோம். அவலும் பொட்டுக்கடலையும் கருநீலமாயின. தேங்காய்த் துருவலில் மாற்றம் தெரியவில்லை. வெல்லத்திலும் தெரியவில்லை.

உடனே ஒரு குழு குறிப்பேட்டில், 'வெல்லத்தில் கார்போஹைட்ரேட் இல்லை' என்று எழுதிவிட்டது. நான் எதிர்பார்த்ததும் இதைத்தான். அயோடின் ஸ்டார்ச்சை மட்டுமே காட்டும், சர்க்கரையைக் காட்டாது. அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியிலிருந்து பெனடிக்ட் கரைசல் வாங்கி வந்து, கொதிநீரில் சோதனைக் குழாய்களை வைத்து நானே செய்து காட்டினேன். வெல்லக் கரைசல் நீலத்திலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறியது. ஆனால் வெள்ளைச் சர்க்கரைக் கரைசல் நீலமாகவே இருந்தது. வகுப்பு குழம்பிப்போனது.

காரணம் இதுதான். வெள்ளைச் சர்க்கரை என்பது ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ். சுக்ரோஸ் பெனடிக்ட் கரைசலோடு வினைபுரியாது. வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஓரளவு இருப்பதால் நிறம் மாறுகிறது. ஆக, நம் நாக்குக்கு மிகவும் இனிக்கும் பொருளை இந்த இரண்டு சோதனைகளாலுமே பிடிக்க முடியவில்லை. 'ஒரு சோதனையில் தெரியவில்லை என்பதற்காக ஒரு பொருளே இல்லை என்று சொல்லக்கூடாது' என்பதை அன்று அவர்களே எழுதினார்கள்.

(சோதனைக்கு எடுத்த எதையும் உண்ணக்கூடாது எனக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.)

இரண்டாம் செயல்பாடு: எடையும் கணக்கும்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டு வருகிறது. பதிப்புக்குப் பதிப்பு எண்கள் சற்று மாறும் என்பதால், வகுப்புக்கு ஏற்ப முழு எண்களாக்கிக்கொண்டோம். 100 கிராமில் உள்ள கார்போஹைட்ரேட் சுமாராக:

சர்க்கரை: 99 கிராம்
வெல்லம்: 90 கிராம்
அவல்: 77 கிராம்
பேரீச்சம்பழம்: 75 கிராம்
மைதா: 74 கிராம்
பாசிப்பருப்பு: 60 கிராம்
பொட்டுக்கடலை: 58 கிராம்
நிலக்கடலை: 26 கிராம்
எள்: 25 கிராம்
தேங்காய்: 13 கிராம்
முட்டை: மிகச் சிறிதளவு

பிறகு சமையல் தராசில் நிறுத்தோம். பிள்ளைகள் தங்கள் வீட்டு அளவைக் கையால் அள்ளிக் காட்டினார்கள். அதன்படி ஒரு காய்க்கான வழக்கமான பூரணம்: வெல்லம் 30 கிராம், அவல் 20, பொட்டுக்கடலை 15, பாசிப்பருப்பு 15, எள் 5. இதிலுள்ள கார்போஹைட்ரேட் முறையே 27, 15, 9, 9, 1 கிராம். மொத்தம் 61 கிராம்.

இப்போது கேள்வியை வகுப்பிடம் விட்டேன்: "ருசி கெடாமல் இந்த 61-ஐ எவ்வளவு குறைக்கலாம்?"

ஒரு குழு வெல்லத்துக்குப் பதில் தேன் என்றது. தேனிலும் 100 கிராமுக்கு 80 கிராம் அளவில் கார்போஹைட்ரேட் உண்டு, பெரிய வித்தியாசமில்லை. இன்னொரு குழு நாட்டுச்சர்க்கரை என்றது. கவுந்தப்பாடி எங்களுக்குப் பக்கம்தான், ஆகவே அந்தப் பெருமை அவர்களுக்கு இருக்கத்தான் செய்யும். அதுவும் கரும்புச் சாற்றிலிருந்து வருவதுதான், கணக்கில் வெல்லத்தைப் போலத்தான். கடைசியில் ஏற்றுக்கொண்ட பூரணம்: வறுத்துக் கரகரப்பாகப் பொடித்த நிலக்கடலை 40 கிராம், வறுத்த எள் 15, ஊறவைத்த பாசிப்பருப்பு 15, பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம் ஒன்று (8 கிராம்), ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. கார்போஹைட்ரேட் முறையே 10, 4, 9, 6. மொத்தம் 29 கிராம். முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே.

ஆனால் காயின் பருப்பையும் சேர்த்தல்லவா உண்கிறோம்? சிறிய காயில் 150 கிராம் பருப்பு என்று கொண்டால் அதில் 20 கிராம். நான்கு பேர் பங்கிட்டால் வழக்கமான காயில் ஆளுக்குச் சுமார் 20 கிராம், எங்கள் காயில் சுமார் 12 கிராம். 'வெல்லம் போடவில்லை, அதனால் சர்க்கரையே இல்லை' என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த 12 ஒரு நல்ல பாடம்.

அடுத்து கலோரிக் கணக்கு. வழக்கமான பூரணம் சுமார் 320 கிலோகலோரி, எங்களுடையது சுமார் 390. குறையவில்லை, கூடியிருக்கிறது! 1 கிராம் கார்போஹைட்ரேட் 4 கிலோகலோரி தருகிறது, 1 கிராம் கொழுப்பு 9 தருகிறது. நிலக்கடலையும் எள்ளும் எண்ணெய் வித்துகள். சர்க்கரை இல்லாத பண்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்ற எண்ணம் இந்த ஒரு கணக்கில் உடைந்துவிடும்.

மூன்றாம் செயல்பாடு: சர்க்கரை இல்லாத கேக்

பள்ளியில் அடுப்பு மூட்டவில்லை. என் வீட்டில் செய்து எடுத்து வந்தேன். செய்முறை: தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலை 150 கிராமை மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றிப் பொடிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலைகளை முதலிலேயே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். 4 முட்டைகளை நுரைக்க அடித்து, மசித்த பேரீச்சம்பழம் 4, தேங்காய்த் துருவல் 50 கிராம், உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, ஏலக்காய், உப்பு ஒரு சிட்டிகை, கடலைப் பொடி ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்க வேண்டும். குக்கரில் கேஸ்கட்டும் வெயிட்டும் போடாமல், அடியில் ஒரு விரற்கடை உப்பு பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து 10 நிமிடம் சூடேற்ற வேண்டும். பிறகு நெய் தடவிய பாத்திரத்தில் மாவை ஊற்றி உள்ளே வைத்துச் சிறுதீயில் 35 முதல் 40 நிமிடம் விட்டால் வெந்துவிடும். குச்சி குத்தினால் ஒட்டக்கூடாது.

பத்துத் துண்டு போட்டால் துண்டுக்குச் சுமார் 7 கிராம் கார்போஹைட்ரேட். 150 கிராம் மைதாவும் 150 கிராம் சர்க்கரையும் சேர்த்த கேக்கில் அதே துண்டுக்குச் சுமார் 26 கிராம்.

"எப்படி இருக்கு?" என்றேன். "நல்லாருக்குதுங்க டீச்சர். ஆனா கேக்கு மாதிரி இல்லீங்க, கடலை உருண்டைய நனைச்சு வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றான் ஒருவன். உண்மைதான். அதற்கான காரணமும் பாடத்துக்கு உரியதே. கேக்கில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்வதில்லை. அது நீரைப் பிடித்துவைத்து மென்மை தருகிறது, மேல்பகுதி பொன்னிறமாக உதவுகிறது, கெடாமல் வைத்திருக்கவும் துணைசெய்கிறது. மைதாவின் குளூட்டன் மாவைக் கட்டிப் பிடிக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் முட்டைப் புரதம்தான் சூட்டில் இறுகி அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதனால்தான் நான்கு முட்டை. நாமக்கல்காரர்களுக்கு அதில் சிரமமில்லை! இத்தகைய கேக்கை அன்றே உண்டுவிடுவது நல்லது.

செயற்கை இனிப்பூட்டிகள் பற்றியும் கேட்டார்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. சீனித்துளசியிலிருந்து எடுப்பதும் அதில் அடங்கும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, இனிப்பின் அளவையே மெல்லக் குறைத்து நாக்கைப் பழக்குவது எளிய வழி.

நான் செய்த தவறு

மூன்றாம் செயல்பாடு முடிந்த அன்று, உற்சாக மிகுதியில், கரும்பலகையில் பெரிய எழுத்தில் 'சர்க்கரை = விஷம்' என்று எழுதினேன். பிள்ளைகள் அதை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

நான்கு நாள் கழித்து, விளையாட்டுப் பாடவேளை முடிந்து, பகல் பதினொன்றரை மணி இருக்கும். அந்த மாணவி மேசையில் தலை சாய்த்திருந்தாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தாமதமாகத்தான் நிமிர்ந்தாள். இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. அவள் மீண்டும் பள்ளிக்கு வந்த நாளிலேயே அவள் அம்மா எனக்கு இதைச் சொல்லி, பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருப்பதையும் காட்டியிருந்தார். பையைத் திறந்தேன். பொட்டலம் இல்லை. அவள் தோழி அதற்குள் எங்கள் கடலைப் பூரண உருண்டை ஒன்றை அவள் வாயில் ஊட்டியிருந்தாள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் கொழுப்பும் நாரும் மிகுந்த பண்டம் இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றாது.

ஆசிரியர் அறையிலிருந்து சர்க்கரையை ஓடிப்போய் எடுத்து வந்து மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்து நீட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். "வேண்டாங்க டீச்சர். வெசம்னு நீங்கதானே எழுதுனீங்க."

எனக்கு உடல் சில்லிட்டது. அவளை மடியில் சாய்த்து, "இப்போ இதுதான் கண்ணு உனக்கு மருந்து. டீச்சர் தப்பா எழுதிட்டேன். குடி" என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். அவள் விழுங்கும் நிலையில் இருந்ததால் முடிந்தது. கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, உடனே உணவு கொடுத்தோம்.

பிறகு மெல்ல விசாரித்தேன். குளுக்கோஸ் பொட்டலத்தை அவளே வீட்டில் எடுத்து வைத்துவிட்டாள். அன்று காலை வழக்கமான ஊசியைப் போட்டுக்கொண்டு, மூன்று இட்லிக்குப் பதில் ஒன்றுதான் உண்டிருக்கிறாள். "கார்போஹைட்ரேட் கொறஞ்சா நல்லதுன்னு நெனச்சேனுங்க" என்றாள். ஊசியின் அளவு உணவின் அளவுக்கு ஏற்ப மருத்துவர் வகுத்தது. உணவை மட்டும் குறைத்தால் இன்சுலின் மிகுந்துவிடும். இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள தாத்தா, பாட்டிகளை மனதில் வைத்தே பாடம் நடத்தினேன். வகுப்பில் என் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையை மறந்துவிட்டேன்.

திருத்திக்கொண்டது

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அந்த அட்டையை நானே கழற்றினேன். ஏன் தவறு என்றும் சொன்னேன். பின்வருவனவற்றை இரண்டு பாடவேளைகளில் நடத்தினேன்.

முதல் வகை நீரிழிவில், உடலின் எதிர்ப்பாற்றல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதல்ல, அந்தப் பிள்ளையின் தவறும் அல்ல. 1921-இல் கனடாவின் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரை, இந்நோய் வந்த குழந்தைகளுக்கு உணவை மிகக் கடுமையாகக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர்கள் மெலிந்து இறந்துபோனார்கள். 1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டவன் 14 வயதுச் சிறுவன். இதைச் சொன்னபோது எட்டாம் வகுப்பு அமைதியாகக் கேட்டது.

இரண்டாம் வகை வேறு. பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. உணவும் உடலுழைப்பும் அதில் பெரிய பங்கு வகிக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கும் மேல் எனத் தெரிவித்தது. ஆகவே சர்க்கரையைக் குறைக்கும் பாடம் தேவைதான். நாம் உணவில் சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் ஆற்றல் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அந்த 5 விழுக்காடு, ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி.

சுவரில் இப்போது இருக்கும் அட்டையில் மூன்று கேள்விகள் மட்டுமே உள்ளன: எவ்வளவு? எப்போது? யாருக்கு?

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

• முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர் இருந்தால், பெற்றோரிடம் ஊசி நேரம், உணவு நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைத்து, எல்லா ஆசிரியர்களுக்கும் சத்துணவுப் பணியாளர்களுக்கும் தெரிவியுங்கள்.
• வகுப்பு மேசையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், குழப்பம், திடீர்ச் சோர்வு தெரிந்தால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டியைக் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் கொடுங்கள். அந்த மாணவரைத் தனியே விடக்கூடாது.
• மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.
• கார்போஹைட்ரேட் குறைந்த உணவுமுறையை எந்த மாணவருக்கும் நாமாகப் பரிந்துரைக்க வேண்டாம். அது மருத்துவரின் பணி.
• நிலக்கடலை, முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டா எனக் கேட்ட பிறகே பண்டம் கொடுங்கள்.

இந்த ஆண்டு ஆடி முதல் நாளுக்கு முன் அந்த மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். அவள் இப்போது வேறு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் கணக்குத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சென்று மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். ஒரு பங்குத் தேங்காயில் இத்தனை கிராம் என்று தெரிந்ததும், அதற்கேற்ப ஊசியின் அளவை மருத்துவர் சொல்லியிருக்கிறார். மறுவாரம் கடைத்தெருவில் பார்த்தபோது, "தின்னாளுங்க டீச்சர்" என்றார். "கடலைப் பூரணமா?" என்று கேட்டேன். "இல்லீங்க. எல்லாத்துக்கும் போட்ட அதே காய்தானுங்க. வெல்லத்த மட்டும் பாதியாக்கிட்டேன். வீட்டுல மத்தவங்களும் அதையேதான் தின்னாங்க."

மாணவர்களுக்கான பயிற்சி

1. உங்கள் வீட்டில் செய்யும் ஓர் இனிப்பின் பொருள்களை நிறுத்து, ஒரு பங்கில் உள்ள கார்போஹைட்ரேட்டைக் கணக்கிடுக.
2. அதே இனிப்பில் வெல்லத்தைப் பாதியாக்கினால் எவ்வளவு குறையும்? ருசி பற்றி வீட்டாரின் கருத்து என்ன?
3. கடையில் 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று விற்கும் ஒரு பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்க. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், தேன், வெல்லம் இவற்றில் ஏதேனும் உள்ளதா? மொத்தக் கார்போஹைட்ரேட் எவ்வளவு?
4. வெள்ளைச் சர்க்கரை அயோடினுக்கும் பெனடிக்ட் கரைசலுக்கும் நிறம் மாறவில்லை. அதில் கார்போஹைட்ரேட் இல்லை எனலாமா? காரணம் கூறுக.
5. இரத்தச் சர்க்கரை குறைந்த தோழிக்கு உடனே கொடுக்க வேண்டியது நிலக்கடலை உருண்டையா, சர்க்கரைக் கரைசலா? ஏன்?